கைதட்டலும் புள்ளடியும்

யாழ்ப்பாணம்,
ஐப்பசி 2025.

அன்பு மகனுக்கு,

ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தலுக்கென்று நீ செய்து வட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டைக் கேட்டேன். மெட்டு நல்லாயிருக்கு, குரலும் நல்லாயிருக்கு. ஆனால் தம்பி, உந்த வேட்பாளரின் பெயர் முதன்முதலாக வருவது 41ஆவது செக்கனில். அதற்கு முன்னம் ஒரு புல்லாங்குழல், பிறகு வயலின் கூட்டம், பிறகு விடியல் விடியல் என்று ஒரு கோரஸ். விடியல் ஆருக்கும் பொருந்தும். எதிர்த்து நிற்கிற ஆள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாலும் ஒரு சொல்கூட மாற்றத் தேவையில்லை.

கூடவே கேட்டிருந்தாய், தமிழ்நாட்டில் சில நடிகர்மார் ஏன் முதலமைச்சர் ஆகிறார்கள், சிலர் ஏன் சொந்தத் தொகுதியிலேயே விழுகிறார்கள், பாட்டுக்கும் படத்துக்கும் உண்மையிலேயே வாக்கு விழுமா என்று. இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில்தான் விடை. கைதட்டுகிறவன் பெட்டியடிக்குப் போய்ச் சரியான கட்டத்தில் புள்ளடி என்கிற பெருக்கல் குறியைப் போடும் மட்டும் இடையில் நாலைந்து படி இருக்கிறது. பாட்டு அதில் ஒரு படியைத்தான் ஏற்றிவிடும்: எந்தப் பெயருக்குப் போடுவது என்பதை மண்டைக்குள் இறக்கும். அந்த ஒரு வேலையையும் உன் பாட்டு இப்போதைக்குச் செய்யவில்லை.

இங்கே தேர்தல் பாட்டின் இடம் ஓட்டோவின் கூரையில் கட்டின கூம்பு ஒலிபெருக்கி. அதை வைத்தே கணக்குப் பார். ஒழுங்கைக்குள் ஓட்டோ மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிறதென்று வை. செக்கனுக்கு நாலு மீற்றருக்குக் கொஞ்சம் மேல். படலையில் நிற்கிற ஆளுக்குச் சொல் விளங்கத் தொடங்குவது ஓட்டோ 100 மீற்றர் தூரத்தில் வரும்போது. கடந்துபோன பிறகு 50 மீற்றரில் விளங்காமல் போய்விடும், கூம்பின் வாய் முன்னுக்குத்தானே பார்க்கிறது. ஆக மொத்தம் 150 மீற்றர், 36 செக்கன். இதே ஒலிபெருக்கியில் உன் பாட்டைப் போட்டால் ஒரு வீட்டுக்கு வெறும் புல்லாங்குழல் மட்டும் போய்ச் சேரும், அடுத்த வீட்டுக்கு வயலின். 12 செக்கனுக்கு ஒருக்கால் முக்கியமான சொல் திரும்பி வந்தால்தான், எந்த இடத்தில் காது கொடுத்தாலும் குறைந்தது இரண்டு தரம் விழும்.

இங்கே அந்த முக்கியமான சொல் ஒன்றில்லை, மூன்று. கட்சிச் சின்னம், வேட்பாளரின் விருப்பிலக்கம், பெயர். பாராளுமன்றத் தேர்தலில் வாக்குச்சீட்டில் முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி, பிறகு அந்தப் பட்டியலிலேயே விரும்பிய ஆட்களின் இலக்கங்களுக்கு மூன்றுக்கு மேற்படாமல் புள்ளடி. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டு செல்லாது. இரண்டு கட்சிக்குப் போட்டாலும் செல்லாது. 2024 கார்த்திகைத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் மட்டும் 30,000இற்கு மேல் சீட்டு நிராகரிக்கப்பட்டது. நாற்பதுக்கு மேற்பட்ட கட்சியும் சுயேச்சைக் குழுவும் நின்ற நீளமான சீட்டு அது. அதைக் கையில் பிடித்துத் தடவிக்கொண்டு நிற்கிற வயதான ஆளின் மண்டைக்குள் ஒரு சின்னமும் ஒரு இலக்கமும் பாடிக்கொண்டிருந்தால்தான் பேனை சரியான இடத்துக்குப் போகும்.

சின்னங்களைப் பாடிப் பார்த்தால் உனக்கே வித்தியாசம் தெரியும். வீடு என்றால் முதலெழுத்து நெடில், இழுக்க இழுக்கச் சொல் கெடாது. வீணை அதைவிட வசதி, கடைசி எழுத்தையும் திறந்த வாயோடு நீட்டலாம். சைக்கிள் கடைசியில் ளகர ஒற்றில் போய் மூடிக்கொள்ளும், அதை நீட்ட ஏலாது, தாளத்தில் வெட்டித்தான் முடிக்கவேண்டும். சங்கு நல்ல சொல், ஆனால் கடைசிக் குற்றியலுகரத்தை நீட்டினால் சங்கூ என்று ஊதுகிற சத்தம் வந்து பகிடியாய்ப் போய்விடும். திசைகாட்டியை நடுவில் இருக்கிற காவில் நிறுத்தினால் எடுப்பாக இருக்கும். உதயசூரியன் ஏழெழுத்து, பாட்டுக்கென்றே செய்தமாதிரி. தமிழர் விடுதலைக் கூட்டணியின் சின்னமும் அதுதான், தி.மு.க.வின் சின்னமும் அதுதான். கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே சூரியன் வாக்குச்சீட்டில் உதித்த காலம் அது. 2004இல் கூட்டணிக்குள் பிரச்சினை வந்து சூரியன் கைவிட்டுப் போனபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தமிழரசுக் கட்சியின் வீட்டுக்குள் போனது.

இலக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது, கனபேர் கவனிப்பதில்லை. யாழ்ப்பாணத்துக்கு 2024இல் 6 ஆசனம். ஒரு பட்டியலில் ஆசனத்தைவிட மூன்று பேர் கூட, ஆக 9 பேர். ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் சொல்லிப் பார்: எல்லாமே உகரத்தில் முடியும். கடைசி எழுத்தின் இயைபு எல்லா இலக்கத்துக்கும் ஒன்றுபோல் பொருந்திவிடும், ஆகவே அது எந்த இலக்கத்தையும் காட்டிக்கொடுக்காது. அடையாளம் முதலெழுத்தில் மட்டும். அதிலும் ஏழும் எட்டும் தூரத்தில் ஒன்றாய்க் கேட்கும், ஒன்றும் ஒன்பதும் பாதிவரை ஒன்றேதான். அதனால் இலக்கத்தின் முதலெழுத்து தாளத்தின் எடுப்பான அடியில் விழவேண்டும், அதற்கு முன்னால் அரை அடி மௌனம் இருந்தால் இன்னும் நல்லது. மௌனத்துக்குப் பிறகு வருகிற எழுத்து தப்பாது.

இனி உன் ஊருக்கு வருவம். ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தலில் கட்சிச் சின்னமும் கிடையாது, விருப்பிலக்கமும் கிடையாது. பெயர் மட்டும்தான், அதுவும் குடும்பப் பெயரின் அகரவரிசையில். நீ பாட்டில் அவரை ஊரார் கூப்பிடுகிற செல்லப்பெயரால் நாலு இடத்தில் கூப்பிட்டிருக்கிறாய். தேர்தல் அதிகாரி சம்மதித்தாலொழிய அந்தப் பெயர் சீட்டில் இருக்காது. எங்கள் ஆட்களின் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் தகப்பனின் பெயர், வாக்காளருக்கு அது பழக்கமே இல்லை. சீட்டில் எப்படி அச்சடிப்பார்களோ அப்படியே, முழுப்பெயரும் அந்த ஒழுங்கில் பாட்டில் வரவேண்டும். வட்டார இலக்கமும் வரவேண்டும். வட்டாரம் 25 இருக்கிற நகரத்தில் பக்கத்து வட்டாரக்காரர் பாட்டைக் கேட்டு உருகி என்ன பிரயோசனம்?

பெயரை மெட்டில் வைக்கும்போது குறில் நெடிலைப் பார். நீ இரண்டாவது சரணத்தில் ஒரு குறிலை மூன்று அடிக்கு இழுத்திருக்கிறாய், பெயரே வேறொரு பெயராய்க் கேட்கிறது. சினிமாப் பாட்டில் அதைப் பொறுப்பார்கள். இங்கே பெயர்தான் சரக்கு. மெட்டை வளை, பெயரை வளைக்காதே. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அறிவிப்பாளர்களைப் பழைய பதிவுகளில் தேடிக் கேள். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பாணி, ஆனால் பெயர் சொல்லும்போது அந்தப் பெயரைச் சுற்றி ஒரு இடைவெளி விடுவார்கள், ஒரு எழுத்தும் விழுங்கப்படாது. தமிழ்நாட்டுக் கரையோரமெல்லாம் அந்தக் குரல்களைப் பின்தொடர்ந்ததற்கு அந்த உச்சரிப்பும் ஒரு காரணம்.

அங்கே ஓட்டோவும் இல்லை ஒலிபெருக்கியும் இல்லை, பிறகெதற்கு இந்தக் கணக்கு என்று நினைப்பாய். உன் பாட்டை எல்லாரும் கேட்கப்போவது கைத்தொலைபேசியில். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கும் கூம்புக்கும் ஒரே குறை: கீழ்ச்சத்தம் வராது. 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பது கிட்டத்தட்ட முழுக்கப் போய்விடும். நீ தாளத்தை முழுக்க பேஸ் கிற்றாரிலும் கிக் ட்ரம்மிலும் கட்டியிருக்கிறாய். ஹெட்போனில் நெஞ்சு அதிரும், அம்மாவின் போனில் தாளமே இல்லாமல் குரல் மட்டும் தனியே அலைகிறது. தாளத்தை மேலே கொண்டுவா: கைதட்டல், ஜால்ரா, தவில். தவிலிலும் தொப்பிப் பக்கம் கம்பால் அடிக்கிற கனத்த சத்தம் தொலைந்துவிடும், கூடு போட்ட விரலால் வலந்தலையில் விழுகிற அடிதான் போனைத் தாண்டி வரும். பாடுகிறவரின் சுருதியையும் ஒரு கட்டையாவது உயர்த்து. எம்.ஜி.ஆருக்கு டி. எம். சௌந்தரராஜன் பாடின கொள்கைப் பாட்டுகள் தகரக் கொட்டகை ஒலிபெருக்கியிலும் சொல் சொல்லாய் விழுந்ததற்குக் காரணம், அந்தக் குரல் மேல் ஸ்தாயியில் நின்று வல்லின மெய்களை அடித்துச் சொன்னது. நீ வைத்திருக்கிற பொடியனின் குரல் நல்ல குரல், ஆனால் மூச்சோடு கலந்த குரல். காதல் பாட்டுக்கு வைத்துக்கொள்.

கலவை முடிந்தபின் ஒரு சோதனை செய். போனைக் குசினி மேசையில் வைத்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பாட்டு தெரியாத ஒரு ஆளை அடுத்த அறையில் இருத்து. பாட்டு முடிய, ஆர் நிற்கிறார், எந்த வட்டாரம் என்று கேள். சொல்லமுடியாவிட்டால் திரும்பக் கலக்கு.

வேகம் நிமிடத்துக்கு 110 முதல் 120 அடிக்குள் இருக்கட்டும், கூட்டம் கைதட்டி நடக்க அதுதான் தோது. யாரோ உனக்கு பைலாத் தாளம் போடச் சொன்னதாய் எழுதியிருந்தாய். நித்தி கனகரத்தினம் காலத்துப் பொப்பிசையிலிருந்து எங்கள் ஆட்களுக்கு அந்தத் தாளம் இரத்தத்தில் ஊறினது, கல்யாண வீட்டில் போட்டால் கிழவனும் எழும்புவான். ஆனால் அது கேலிக்கான தாளம். எதிராளியை நக்கலடிக்க அதைப்போல ஒன்றில்லை. பள்ளிக்கூடம் திருத்துவேன், பஸ் விடுவேன் என்று வாக்குறுதி சொல்ல அந்தத் தாளத்தைப் போட்டால், சொல்லுகிற ஆளே நம்பாததுபோல் கேட்கும். போராட்டகாலத்து எழுச்சிப் பாட்டின் மெட்டையும் தொடாதே. இங்கேயே அதைத் தேர்தலுக்கு எடுக்கிற ஆட்களைப் பார்த்துச் சனம் முகத்தைச் சுளிக்கிறது.

சினிமா மெட்டில் சொல்லை மாற்றிப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். சொல்லை மாற்றினாலும் மெட்டு இன்னொருவரின் சொத்து. இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம், அங்கே கனடாச் சட்டம், இரண்டிலும் ஆக்கினவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும். வழக்குவரை போகாது என்பார்கள். வழக்கில்லை பிரச்சினை, யூடியூப்தான் பிரச்சினை. அதன் இயந்திரம் மெட்டைப் பிடித்தால் வீடியோ முடங்கும், அல்லது சத்தம் மட்டும் போய்விடும். அது பெரும்பாலும் கனபேர் பார்க்கத் தொடங்குகிற கடைசிக் கிழமையில் நடக்கும். மேன்முறையீடு முடிய முதல் தேர்தல் முடிந்துவிடும்.

காசு விடயத்தில் கவனம். ஒன்ராறியோவில் வேட்புமனுக் கொடுத்த நாளிலிருந்துதான் ஒருவர் பிரசாரத்துக்குக் காசு வாங்கவும் செலவழிக்கவும் ஏலும். 2026 ஐப்பசி 26 தேர்தலுக்கு மே 1ஆம் திகதிதான் மனு வாங்கத் தொடங்குவார்கள். ஆகவே இப்போதே ஸ்ருடியோவுக்கு அவர் பெயரில் காசு கட்டவேண்டாம். நீயும் உன் கூட்டாளிகளும் சம்பளம் வாங்காமல் பாடுவது தொண்டு, அது கணக்கில் வராது. ஆனால் சிநேகிதனின் ஸ்ருடியோ ஒரு பதிவுசெய்த கம்பனி என்றால், அது இனாமாகக் கொடுக்கிற நேரம் கம்பனி கொடுத்த நன்கொடையாகிவிடும், கம்பனிகள் கொடுக்கவே கூடாது. தனியாள் என்றால் ஒரு நகரசபை வேட்பாளருக்கு 1,200 டொலர்வரை. ரசீது எழுதி வை, அவரின் கணக்குப் பார்க்கிற ஆளிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கி வை. இங்கேயும் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு வேட்பாளர்மார் செலவுக் கணக்கு ஒப்படைக்கத்தான் வேண்டும், பாட்டுச் செலவும் அதற்குள்தான்.

சரி, நடிகர்மாருக்கு வருகிறேன். எம்.ஜி.ஆர். படத்தால் மட்டும் வென்றார் என்பது பாதிக் கதை. நாவலப்பிட்டியில் பிறந்த அந்த மனிதர் 1953இலேயே தி.மு.க.வில் சேர்ந்துவிட்டார். 1967 தையில் எம். ஆர். ராதா சுட்டு, கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்த படம் சுவரொட்டியில் ஏறியது, அந்த மாசித் தேர்தலில் படுக்கையிலிருந்தே வென்றார். 1972 ஐப்பசியில் கட்சியை விட்டு விலக்கப்பட்டபோது அவர் கட்சியின் பொருளாளர். ரசிகர் மன்றங்கள் ஊர் ஊராய்ப் பெயர்ப் பட்டியலோடும் காரியதரிசியோடும் ஏற்கெனவே இருந்தன, பலகையை மாற்றினால் போதும், கிளைக் கட்சி. அடுத்த வருடமே திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை வென்றது, 1977இல் ஆட்சி. பாட்டும் படமும் சனத்தைச் சேர்த்தது. அந்தச் சனத்தை வாக்குச்சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனது மன்றத்துக்காரன்.

சிவாஜியிடம் நடிப்புக்குக் குறையா? 1988இல் கட்சி தொடங்கி 1989இல் திருவையாற்றில் தோற்றார். மன்றம் இருந்தது, ஆனால் அது காலம்முழுக்கக் காங்கிரசுக்கு வேலைசெய்து பழகின மன்றம். சொந்தமாய்ச் சாவடி பார்க்கிற பழக்கம் வேறு. கமல் 2021இல் கோயம்புத்தூர் தெற்கில் 1,728 வாக்கால் தோற்றார். அந்த இடைவெளி நாலைந்து சாவடியில் ஆட்கள் வீடுவீடாய் நடந்திருந்தால் மூடியிருக்கும். ரஜினி 2017 மார்கழி 31இல் வருகிறேன் என்று சொல்லி, 2020 மார்கழி 29இல் வரவில்லை என்றார். என்னைக் கேட்டால் அவர்களுக்குள் கணக்குத் தெரிந்தவர் அவர்தான்.

விஜயகாந்தின் கதைதான் உனக்குப் பாடம். 2006இல் அவர் கட்சி மாநிலம்முழுக்க நின்று நூற்றுக்கு எட்டுச் சொச்சம் வாக்கு எடுத்தது. 234 தொகுதியில் கிடைத்தது ஒன்று, விருத்தாசலம், அவர் நின்ற இடம். தொகுதிக்கு ஒருவர், கூட எடுத்தவர் வெற்றி என்ற முறையில், எங்கும் பரந்து கிடக்கிற ரசிகர் எங்கும் போதாது. 2011இல் கூட்டணி சேர்ந்தபோதுதான் 29 வந்தது.

அதே எட்டுச் சொச்சத்தை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார். 2024இல் முகநூல் நேரலைகளால் பெயரெடுத்த ஒரு வைத்தியரின் சுயேச்சைக் குழு 17 எடுத்தது 27,855 வாக்கு, நூற்றுக்கு எட்டரை. ஆசனம் ஒன்று கிடைத்தது. எப்படி? மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே எடுத்தவர்களை முதலில் கழித்துவிடுவார்கள். ஆகக்கூட எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது 80,830 எடுத்த தேசிய மக்கள் சக்திக்குப் போனது. மிச்சம் ஐந்து. கழித்தது போக உள்ள வாக்கை ஐந்தால் பிரித்தால் ஒரு ஆசனத்தின் விலை 50,000இற்குக் கொஞ்சம் குறைவு. அந்த விலையை முழுதாய்க் கட்டினது தேசிய மக்கள் சக்தியும் 63,327 எடுத்த தமிழரசுக் கட்சியும், ஆளுக்கொன்று. இனி மூன்று ஆசனம் மிச்சம், அது மிச்ச வாக்குகளில் பெரியதைப் பார்த்துப் போகும். தேசிய மக்கள் சக்தியின் கையில் இன்னும் 30,000இற்கு மேல், தமிழ்க் காங்கிரசின் சைக்கிளிடம் 27,986, சுயேச்சைக் குழுவிடம் 27,855. மூவருக்கும் ஒவ்வொன்று. தமிழரசிடம் முதல் ஆசனத்துக்குக் கட்டின பிறகு மிஞ்சினது அதைவிடக் குறைவு, அதனால் 63,327இற்கும் ஒன்று, 27,855இற்கும் ஒன்று. நியாயமா என்று நீ கேட்பாய். கணக்கு அப்படித்தான்.

இந்த முறையில் ஒரு நட்சத்திரத்துக்கு மாவட்டம்முழுக்கச் சிதறிக் கிடக்கிற ரசிகர் போதும். ரொறன்ரோ வட்டாரம் தமிழ்நாட்டுத் தொகுதிமாதிரி, கூட எடுத்தவர் வெற்றி. பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருந்து லைக் போடுகிறவருக்கும், நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவருக்கும் அங்கே சீட்டுக் கிடையாது. கனடாக் குடியுரிமை, 18 வயது, அந்த நகரத்தில் வீடோ வாடகையோ. உன் பாட்டுக்கு லட்சம் பார்வை வந்தாலும் அதில் அந்த வட்டாரத்து வாக்காளர் எத்தனை என்பதுதான் கேள்வி. பாட்டைப் பகிரும்போது அந்த வட்டாரத்துத் தொடர்மாடிக் குழுமங்கள், கோயில், தேவாலயக் குழுமங்கள் என்று இலக்குப் பார்த்து அனுப்பு.

விஜய்யைப் பற்றி நீ எழுதினதுக்கு ஒரு வார்த்தை. அவரின் நடனத்துக்கு இங்கே கார்கில்ஸ் கட்டடத்துத் திரையரங்கிலும் விசில்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த ஆவணியில் மதுரை மாநாட்டில் கச்சதீவை மீட்டுத் தரவேண்டும் என்று பேசினார். பதினொரு நாளில் எங்கள் ஜனாதிபதி யாழ்ப்பாணம் வந்தவர் கச்சதீவுக்கே போய்க் கால்வைத்துவிட்டு வந்தார், புரட்டாதி 1. அங்கே அது கைதட்டலுக்கு நல்ல வசனம். 1974இல் ஒப்பந்தமான 285 ஏக்கர் நிலத்தை வைத்து மேடையில் கதைப்பது இலேசு. எங்கள் கடற்றொழிலாளிக்குப் பிரச்சினை தீவு இல்லை, இழுவைமடி. அடிக்கடலை வாரிக்கொண்டு வருகிற றோலர் படகு அவனுடைய வலையையும் அறுத்துக்கொண்டு போகிறது, குஞ்சும் முட்டையும் சேர்த்துப் போகிறது. 2017இல் இலங்கைச் சட்டம் அந்தத் தொழிலைத் தடைசெய்தது, இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வருவது நின்றபாடில்லை. பருத்தித்துறையிலோ குருநகரிலோ ஒரு பொடியன் அவரின் படம் போட்ட ரீசேட்டோடு அறுந்த வலையைப் பொத்திக்கொண்டு இருப்பான். ரசிகனாய் இரு, ஒரு குறையுமில்லை. ஆனால் உன் பாட்டில் கச்சதீவு என்று ஒரு வரி வைத்திருக்கிறாயே, அது ஸ்காபரோக் குப்பை அள்ளுகிற பிரச்சினையைத் தீர்க்குமா? எடுத்துவிடு.

சினிமாவும் கட்சியும் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதற்கு ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஸ்ரீதர் தியேட்டர் பல வருடம் ஒரு கட்சியின் அலுவலகமாய் இருந்தது. வீணைச் சின்னக் கட்சிக்கு அரங்கம் பொருத்தம்தான்.

கடைசியாய், பாட்டு வெளியீட்டுக்கு மண்டபம் எடுக்கப்போவதாய்ச் சொன்னாய். ஒரு இந்திய நடிகையோ பாடகரோ வந்தால் கூட்டம் எப்படி நடக்கும் என்று எங்களுக்கு நல்லாய்த் தெரியும். 2024 மாசியில் முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சியில் இலவசமாய் நின்ற சனம் தடுப்பை உடைத்துக்கொண்டு காசு கட்டினவர்களின் பக்கம் பாய்ந்தது. அதே முற்றவெளியில் 2023 ஐப்பசியில் சந்தோஷ் நாராயணன் நிகழ்ச்சி எல்லாருக்கும் இலவசம். ஒரே திடலில் காசுக்காரர் பக்கம், காசில்லாதவர் பக்கம் என்று பிரித்து நடுவில் ஒரு மெல்லிய தடுப்பை வைப்பதுதான் வினை. போன மாதம் 27ஆம் திகதி கரூரில் விஜய்யின் கூட்டத்தில் 41 பேர் செத்தது உனக்குத் தெரியும். நண்பகலிலிருந்து தண்ணீரும் நிழலும் இல்லாமல் நின்ற சனத்துக்கு நடுவில் இரவு ஏழுமணிக்கு அவரின் வண்டி வந்தது.

ஒரு சதுர மீற்றரில் நாலு பேர்வரை நின்றால் ஆள் தன் காலில் நிற்பான். ஐந்தைத் தாண்டினால் கவனம். ஆறு ஏழு என்று போனால் கூட்டம் தண்ணீர்போல அலையடிக்கத் தொடங்கும், தனியாள் தன் இஷ்டத்துக்கு நிற்க ஏலாது. ஆட்கள் சாவது மிதிபட்டென்று நினைக்கிறார்கள், பெரும்பாலும் நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுதான். அப்படி மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி ஒரு சாண் இடம் பிடி. கீழே விழுந்த செருப்புக்கோ போனுக்கோ குனியாதே. அலை தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாதே, அது ஓய்கிற நேரம் பார்த்துச் சரிவாய், ஓரத்தை நோக்கி நகர். சுவரோரமும் மேடை முன்தடுப்பும்தான் ஆகக் கூடாத இடம்.

மண்டபம் எடுக்கும்போது எத்தனை பேர் கொள்ளும் என்று சுவரில் ஒட்டியிருப்பதைப் படம் எடுத்து வை. அதில் மேடைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் போகிற இடத்தைக் கழித்துத்தான் அழைப்பு அனுப்பு. விருந்தினர் வருகிற நேரத்தை அரைமணி பிந்திச் சொல், முந்திச் சொல்லாதே. அவர் வருகிற கதவும் சனம் போகிற கதவும் ஒன்றாய் இருக்கக்கூடாது. தண்ணீர்ப் போத்தலை எறியாதே, எறிந்தால் சனம் குனியும்.

இனி வேலை. இரண்டு பதிவு எனக்கு அனுப்பு. ஒன்று 20 செக்கன், முதல் 3 செக்கனுக்குள் பெயர், கடைசியில் பெயரும் வட்டாரமும். மற்றது முழுப்பாட்டு, இரண்டரை நிமிடத்துக்கு மேல் போகாமல். புல்லாங்குழல் அவ்வளவு பிடித்திருந்தால் சரணத்துக்கு முன்னால் நாலு அடிக்கு வை, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இரவில் அனுப்பினால் இங்கே விடிய எழும்பிக் கேட்டுவிட்டுப் பதில் போடுவேன்.

அன்புடன்,
அம்மா